லின் சிங்-சியா (பிரிஜிட் லின்) படங்கள்: எந்த நாலு, எந்தப் பிரதி?

வல்லைவெளி:

வணக்கம் உறவுகளே.

வாசிகசாலையில வாற மாதம் நாலு சனிக்கிழமையும் பின்னேரம் 6.30க்கு ஒரே நடிகையின்ர படங்களைப் போடுறதெண்டு முடிவு. ஆள் லின் சிங்-சியா. வெளிநாட்டில பிரிஜிட் லின் எண்டால்தான் தெரியும். 60 கதிரை, ஒரு புரொஜெக்டர், ஒரு மடிகணினி, ரெண்டு ஒலிபெருக்கி. சனம் கலப்பு: பெடியள், ரீச்சர்மார், அம்மம்மாமார், முன்னுக்குப் பாயில இருக்கிற சின்னனுகள்.

துண்டுப் பிரசுரத்துக்கு இப்பிடி எழுதி வச்சிருக்கு:

"ஹொங்கொங்கில் பிறந்த சீன நடிகை பிரிஜிட் லின், குங்ஃபூ படங்களால் புகழ்பெற்று, படப்பிடிப்பில் கண்ணில் ஏற்பட்ட காயத்தால் 1994இல் ஓய்வு பெற்றார். கடைசிப் படம் சுங்கிங் எக்ஸ்பிரஸ்."

இதில பிழை இருந்தால் திருத்தி விடுங்கோ. எந்த நாலு படம், எந்த ஒழுங்கு, எந்தப் பிரதி எண்டும் சொல்லுங்கோ. தமிழ் சப்டைட்டில் நாங்களே செய்யத்தான் வேணும் போல கிடக்கு. அதில கவனிக்க வேண்டியது என்ன?

---

பழையபிரதி:

தம்பி, ரெண்டு வசனத்தில நாலு பிழை. குறை நினைக்காதையுங்கோ, இணையத்தில கன இடத்தில இதே பிழையள்தான் சுத்துது.

பிறந்தது ஹொங்கொங் இல்லை, தாய்வான். 1954 நவம்பர் 3, ஜியாயி பக்கம். தாய் தகப்பன் சீனப் பெருநிலத்து ஷாண்டொங் மாகாணத்து ஆக்கள். 1949க்குப் பிறகு தாய்வானுக்கு வந்து குடியேறின லட்சக்கணக்கான குடும்பங்களைப் போல ஒரு குடும்பம். அதால வீட்டுப் பாஷை மாண்டரின், ஹொங்கொங்கின்ர கண்டனீஸ் இல்லை. இதை ஒரு வரியெண்டாலும் பிரசுரத்தில போடுங்கோ, ஏனெண்டு கீழ வரும்.

1972இல பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில சறுக்கிப்போட்டு, தாய்ப்பேயின்ர சிமென்டிங் கடைத்தெருவில நடந்துகொண்டு இருக்கேக்கதான் படக்காரரின்ர கண்ணில பட்டா. முதல் படம் 1973இல வந்த "யன்னலுக்கு வெளியே". சியுங் யாவ் எழுதின நாவல். மாணவிக்கும் ஆசிரியருக்கும் இடையில காதல். பதிப்புரிமைத் தகராறால அந்தப் படம் சொந்த ஊரான தாய்வானில கனகாலம் திரைக்கே வரேல்லை, ஹொங்கொங்கில ஓடினது. தாய்வான் சனம் அவவைத் திரையில முதல் பாத்தது 1974இல வந்த "மேகம் மிதக்கிறது" படத்தில.

பிறகு 70கள் முழுக்கக் காதல் படம். அந்த வகைக்கு அங்க ஒரு நக்கல் பேர் இருக்கு: "மூண்டு அறைப் படம்". வரவேற்பறை, சாப்பாட்டறை, கோப்பிக்கடை. கதை இந்த மூண்டுக்குள்ளயே அழுது முடிஞ்சிடும், செற் போடுற செலவு மிச்சம். அந்தக் காலத்து நாலு பெரிய தலையளை "ரெண்டு சின், ரெண்டு லின்" எண்டு சொல்லுறவை. ஆம்பிளையள் சின் ஹான், சின் சியாங்-லின் (சார்லி சின்). பொம்பிளையள் எங்கட ஆளும் லின் ஃபெங்-ஜியாவும். இந்த ரெண்டாவது லின்தான் பிறகு ஜாக்கி சானின்ர மனிசி. பேர்க் குழப்பம் இஞ்சதான் துவங்குது. இன்னொரு லின் டாயும் இருக்கிறா, அவ 1964இலயே காலமான வேற நடிகை. படம் தேடேக்க இந்த மூண்டு பேரின்ர போட்டோவும் கலந்து வரும். பிரசுரத்துக்கு எடுக்கிற போட்டோவை ஒருக்கா இல்லை, மூண்டு தரம் பாருங்கோ.

குங்ஃபூவால புகழ் எண்டதும் சரியில்லை. அவ சண்டை பழகின ஆள் இல்லை. 1976இல "எண்ணூறு வீரர்" படத்தில, 1937 ஷங்ஹாய் சண்டையில முற்றுகைக்குள்ள கொடி கொண்டுபோன சாரணச் சிறுமியா நடிச்சு ஆசியத் திரைப்பட விழாவில சிறந்த நடிகை. 1990இல "செந்தூசி" (ரெட் டஸ்ட்) படத்துக்குத் தாய்வானின்ர தங்கக் குதிரை விருது. அதின்ர திரைக்கதை எழுத்தாளர் சன்மாவ். விருது விழா முடிஞ்சு சில கிழமையில, 1991 ஜனவரி 4, சன்மாவ் இறந்திட்டா. ரெண்டு விருதுப் படத்திலயும் வாள் இல்லை. வாளும் பறக்கிறதும் பெரிசா வந்தது 1992இல இருந்து, கடைசி ரெண்டு மூண்டு வருசத்திலதான். உலகம் ஞாபகம் வச்சிருக்கிறது அந்தக் கடைசிப் பகுதியை.

கண் காயம் உண்மை. 1992இல "நியூ டிராகன் கேட் இன்" படப்பிடிப்பில மூங்கில் அம்பு கண்ணில பட்டது. ஆனா ஓய்வுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடேலாது. அதுக்குப் பிறகுதான் 1993இல வரிசையா அத்தனை படம். விட்டது 1994 ஜூன் 29, சான் பிரான்சிஸ்கோவில மைக்கல் யிங் எண்ட வர்த்தகரைக் கலியாணம் முடிச்ச பிறகு.

கடைசிப் படம் எது எண்டதில எடுத்த ஒழுங்கு வேற, வெளிவந்த ஒழுங்கு வேற. இயக்குநர் வொங் கார்-வாய் பாலைவனத்தில "ஆஷஸ் ஒஃப் டைம்" எடுத்து, அது இழுபட்டுக்கொண்டு கிடக்க, நடுவில கிடைச்ச இடைவெளியில கெதியா எடுத்தது சுங்கிங் எக்ஸ்பிரஸ். சுங்கிங் 1994 ஜூலையில வந்தது, ஆஷஸ் செப்ரெம்பரில. ரெண்டும் கலியாணத்துக்குப் பிறகு வந்தவை. "கடைசிப் படம்" எண்டு எழுதாமல் "1994இல் வெளிவந்த கடைசிப் படங்களில் இரண்டு" எண்டு எழுதினால் ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது.

இப்ப அந்த மாண்டரின் கதை. ஹொங்கொங் படங்கள் அந்தக் காலத்தில பெரும்பாலும் சத்தம் இல்லாமல் எடுத்துப்போட்டு, பிறகு குரல் சேர்க்கிறவை. கண்டனீஸ் படத்தில அவவின்ர குரல் அநேகமா வேற ஆளின்ர குரல். தமிழ்ப் படம் பாக்கிற எங்களுக்கு இது புதினமில்லை. ஆனா நூறு அளவில படம் நடிச்ச ஒரு நட்சத்திரத்தைக் கன பேர் அவவின்ர குரலைக் கேக்காமலே தெரிஞ்சு வச்சிருக்கினம். ஓய்வுக்குப் பிறகு தலைகீழ்: 1998இலயும் 2001இலயும் இயக்குநர் யொன்ஃபானின்ர ரெண்டு படத்துக்குப் பின்னணியில கதை சொல்லுற குரல் மட்டும் குடுத்தா, முகம் இல்லை. முகம் மட்டும் இருந்த காலம் ஒண்டு, குரல் மட்டும் இருந்த காலம் ஒண்டு. பிரசுரத்தில ஒண்டே ஒண்டு புதுசாச் சொல்ல இடமிருந்தால் இதைச் சொல்லுங்கோ.

அதுக்குப் பிறகு எழுத்து. 2011, 2014, 2020 எண்டு மூண்டு கட்டுரைத் தொகுப்பு. 2023இல தங்கக் குதிரை 60ஆவது விழாவில வாழ்நாள் சாதனை விருது. காணும்.

---

கொட்டகை:

படத் தெரிவுக்கு வாறன்.

அழகி எண்டு அடுக்கினால் எந்த நாலைப் போட்டாலும் ஒண்டுதான். "ராஜபார்ட்" எண்டு அடுக்கிப் பாருங்கோ. எங்கட கூத்திலயும் இசை நாடகத்திலயும் ஆம்பிளை ஸ்திரீபார்ட் போடுறது வழமை. பொம்பிளை ராஜபார்ட் போட்டதும் உண்டு, 1935இல கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடிச்சவ. பாயில இருக்கிற அம்மம்மாவுக்கு இந்த ஒரு வரி சொன்னால் காணும், மிச்சத்தை அவவே பிடிச்சுக்கொள்ளுவா. சீனத்திலயும் அதே மாதிரி: பீக்கிங் ஒப்பெராவில ஆம்பிளை பொம்பிளை வேசம், ஹுவாங்மெய் இசைப் படங்களில பொம்பிளை ஆம்பிளை வேசம். அந்த வழியில 1977இல லி ஹான்-சியாங் எடுத்த "செம்மாடக் கனவு" படத்தில லின் சிங்-சியா போட்டது நாயகி வேசம் இல்லை, நாயகன் ஜியா பாவ்யூ. நாயகி சில்வியா சாங். 15 வருசம் கழிச்சு ஸ்வோர்ட்ஸ்மன் 2இல அவ போட்ட டொங்ஃபாங் புபாய் வேசத்துக்கு விதை அங்க கிடக்கு.

முதல் சனி: பீக்கிங் ஒப்பெரா புளூஸ், 1986, சுய் ஹார்க், 104 நிமிடம். 1913 பீக்கிங். படைத் தளபதியின்ர மகள், தலைமயிரைக் கட்டையா வெட்டி, ஆம்பிளை உடுப்பும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, தகப்பன்ர அலுமாரியில இருந்து இரகசியப் பத்திரம் களவெடுக்கப் பாக்கிறாள். கூட சாலி யே, செரி சுங். சிரிப்பும் ஓட்டமும் கூட, சனம் சூடு பிடிக்க இது நல்லது. ஒரு எச்சரிக்கை: பின்பாதியில அவவைக் கட்டிச் சாட்டையால அடிக்கிற காட்சி இருக்கு, சின்னனுகளுக்குச் சரிவராது.

ரெண்டாவது: ஸ்வோர்ட்ஸ்மன் 2, 1992. இயக்கம் சிங் சியு-டுங், தயாரிப்பு சுய் ஹார்க், நாயகன் ஜெட் லி. மூலம் ஜின் யொங்கின்ர நாவல். நாவலில டொங்ஃபாங் புபாய் கொஞ்ச நேரம் வந்து போற பாத்திரம், படத்தில முழு மையமும் அவர்தான். மந்திரப் புத்தகம் ஒண்டு ஆணுடலை விலையாக் கேக்குது, குடுத்தவர் மெல்ல மெல்லப் பெண்ணா மாறுறார். ஆயுதம் ஊசியும் நூலும். ஏரிக்கரையில நாயகன் சந்திக்கிற காட்சியைப் பொறுமையாப் பாருங்கோ. அவன் பொம்பிளை எண்டு நினைச்சு மது பரிமாறுறான், அவள் சிரிக்கிறாள், குடிக்கிறாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். ஏனெண்டால் உடம்பு மாறிட்டுது, குரல் இன்னும் ஆம்பிளைக் குரல். பேசினால் குட்டு வெளிச்சிடும். அந்த நிமிசங்களில கண்ணும் கழுத்தும்தான் நடிக்குது. பழையபிரதி சொன்ன குரல் கதையை இந்த இடத்தோட வச்சுப் பாத்தால் விளங்கும். இந்தப் படத்துக்கு முதல் பாகம் பாக்கத் தேவையில்லை. அதில அவ இல்லை, நடிகர் கூட்டமும் அநேகமா வேற.

மூண்டாவது: தி பிரைட் வித் வைட் ஹெயார், 1993, ரொனி யூ, லெஸ்லி சியுங்கோட. ஒண்டரை மணித்தியாலம். உடுப்பு வடிவமைச்சது எமி வாடா, குரசாவாவின்ர "ரான்" படத்துக்கு ஒஸ்கார் வாங்கின ஆள். ஓநாய் வளர்த்த பெண், காதலன் சந்தேகப்பட்ட அந்த நேரத்தில தலைமயிர் முழுக்க நரைக்குது. நடுவில தண்ணிக்குள்ள ஒரு காதல் காட்சி இருக்கு. குடும்பத்தோட இருந்து பாக்கச் சங்கடமெண்டால் இதை விட்டிட்டு நியூ டிராகன் கேட் இன் போடுங்கோ. அதிலயும் அவ ஆண் வேசத்தில வாள் பிடிச்சுக்கொண்டுதான் பாலைவனச் சத்திரத்துக்குள்ள வாறா, எதிர்ப்பக்கம் மாகி சியுங். ரெண்டு பேரும் உடுப்புக்காக ஒருத்தரை ஒருத்தர் சுத்திச் சுழலுற சண்டை ஒண்டுக்கே கைதட்டு விழும்.

நாலாவது: சுங்கிங் எக்ஸ்பிரஸ். பொன்நிற விக், கறுப்புக் கண்ணாடி, மழைக்கோட்டு. இருபது வருசமா எந்த முகத்துக்காகச் சனம் காசு குடுத்துதோ, அந்த முகத்தை வொங் கார்-வாய் மூடி வச்சிருக்கிறார். மழை எப்ப வரும், வெயில் எப்ப எறிக்கும் எண்டு தெரியாததால கோட்டும் கண்ணாடியும் சேர்த்துப் போடுறவளாம். கடைசியில விக்கைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நடப்பாள். அவ வாற கதை பெரும்பாலும் நடக்கிறது ஹொங்கொங் நேதன் ரோட்டில இருக்கிற சுங்கிங் மாளிகையில. 1961இல கட்டின 17 மாடி, தெற்காசிய ஆக்கள் நிறைஞ்ச இடம். அவவுக்காகப் போதைப்பொருள் கடத்த வாற ஆக்கள் இந்திய முகங்கள். எங்கட சனம் அந்த நடைபாதைக் கடையளைப் பாத்த உடன நிமிர்ந்து இருக்கும்.

ஒண்டு மட்டும் முதலே சொல்லிப்போடுங்கோ: படத்தில ரெண்டு கதை. அவ முதல் கதையில மட்டும். அரைவாசியில ஆளைக் காணேல்லை எண்டு சனம் எழும்பிப் போகும்.

போலிஸ் ஸ்டோரியை வேணுமெண்டே விட்டனான். 1985 ஜாக்கி சான் படம், அவ சாட்சி சொல்ல வேண்டிய செயலாளர் வேசம். கடைத்தொகுதிக்குள்ள அவ்வளவு கண்ணாடி உடைச்சதால படக்குழு அதை "கண்ணாடிக் கதை" எண்டு பகிடியாச் சொன்னது. நல்ல படம், ஆனா அது ஜாக்கியின்ர படம். இன்னொண்டு: ஜாக்கியின்ர மூஞ்சியை அட்டையில பெரிசாப் போட்டு "ஃபன்டசி மிஷன் ஃபோர்ஸ்" எண்டு ஒரு மலிவு டிவிடி வரும், அவவும் அதில இருக்கிறா. தெரியாமல் வாங்கி ஏமாறாதையுங்கோ, தாய்வானில அவசரத்தில செய்த கூத்து.

---

ஆனைக்கோட்டை:

பிரதியும் சப்டைட்டிலும் என்ர பக்கம்.

ஒலித்தடம். ஹொங்கொங் படம் எல்லாத்துக்கும் கண்டனீஸ் தடத்தைத் தெரிவு செய்யுங்கோ. வாய் ஒண்டு சொல்ல சத்தம் வேற ஒண்டு சொல்லும், அது பிரதியின்ர பிழை இல்லை. அவ மாண்டரினில கதைக்க மற்றவை கண்டனீஸில பதில் சொல்லுறது அந்தக் காலத்து வழமை. ஆங்கில டப்பிங் வேண்டவே வேண்டாம். சுங்கிங்கில மதுக்கடையில பொலிஸ்காரப் பெடியன் அவவிட்ட "அன்னாசி பிடிக்குமோ" எண்டு ஒரே கேள்வியைக் கண்டனீஸ், யப்பான், ஆங்கிலம், மாண்டரின் எண்டு ஒவ்வொரு பாஷையாக் கேப்பான். மாண்டரினுக்குத்தான் அவ பதில் சொல்லுவா. முழுக்க ஒரே பாஷையில டப் பண்ணின பிரதியில இந்த முழுப் பகிடியும் செத்துப் போகும். தமிழ் சப்டைட்டிலில அந்த இடத்தில அடைப்புக்குள்ள பாஷையின்ர பேரைப் போடுங்கோ, இல்லாட்டி ஒரே வரி நாலு தரம் வருதே எண்டு கணினியைக் குறை சொல்லுவினம்.

ஆஷஸ் ஒஃப் டைம் போடுற யோசனை வந்தால், ரெண்டு படம் இருக்கு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. 1994 பிரதி 100 நிமிடம். 2008இல இயக்குநரே திருத்தி வெளியிட்ட "ரிடக்ஸ்" 93 நிமிடம், நிறமும் மாத்தம், இசையும் மாத்தம். ஒண்டுக்குச் செய்த சப்டைட்டில் மற்றதுக்கு ஒருநாளும் பொருந்தாது.

படம் ஓடுற வேகம். சினிமா செக்கனுக்கு 24 சட்டகம். ஐரோப்பியத் தரத்து பழைய டிவிடியள் 25இல ஓடும், 100 நிமிடப் படம் 96இல முடியும். 24க்குச் செய்த எஸ்ஆர்டி (சப்டைட்டில்) கோப்பை 25இல ஓட விட்டால் தொடக்கத்தில சரியா இருக்கும், ஒவ்வொரு நிமிசத்துக்கும் 2.4 செக்கன் பிந்திப் பிந்தி அரை மணித்தியாலத்தில ஒரு நிமிசத்துக்கு மேல விலகிடும். படம் ஓட்டுற விஎல்சி மென்பொருளில ஜி, எச் விசையளை அமத்தி 50 மில்லிசெக்கனாத் தள்ளுறது இதுக்கு மருந்தில்லை, அது நிரந்தர இடைவெளிக்குத்தான். நேரம் முழுவதையும் 0.96ஆல பெருக்க வேணும். சப்டைட்டில் எடிட் மாதிரி மென்பொருளில சட்டக வேகத்தை மாத்துற தெரிவு இருக்கு. சோதிக்கிற முறை சுகம்: முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் பாருங்கோ. முதல் சரி, கடைசி பிழை எண்டால் வேகப் பிரச்சினை. ரெண்டும் ஒரே அளவு பிழை எண்டால் வெறும் இடைவெளி.

எழுத்துரு. தட்டச்சு செய்யிற ஆள் பாமினி பழக்கம் எண்டால் முதலே சொல்லி யுனிகோட்டில அடிக்கச் சொல்லுங்கோ. பாமினியில அடிச்சதைத் திரையில ஏத்தினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். மாத்தி மூலம் மாத்தினாலும் ஸ்ரீ, க்ஷ, மேற்கோள் குறி எல்லாம் ஒருக்கா வாசிச்சுத் திருத்த வேணும். கோப்பைச் சேமிக்கேக்க யூடிஎஃப்-8 எண்டு தெரிவு செய்யுங்கோ. பழைய விஎல்சியில "கொ", "கோ" எல்லாம் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கமாப் பிரிஞ்சு நிக்கும். புதுப் பதிப்புப் போட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தெரிவு செய்தால் சரியாகும். வரிக்கு 30, 35 எழுத்து, ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். ஆங்கில சப்டைட்டிலை அப்பிடியே சொல்லுக்குச் சொல் மாத்தினால் தமிழ் மூண்டு வரிக்கு ஓடும், அம்மம்மா அரைவாசி வாசிக்க முதல் மறைஞ்சிடும். வெட்டுங்கோ.

இன்னொண்டு, புரொஜெக்டருக்குப் பதிலாப் பெரிய ரீவி பாவிச்சால் அசைவை மென்மையாக்கிற அமைப்பை நிப்பாட்டுங்கோ. சுங்கிங்கின்ர ஓட்டக் காட்சியள் சட்டகத்தைக் குறைச்சு எடுத்துப்போட்டு, ஒவ்வொரு சட்டகத்தையும் திருப்பித் திருப்பி அச்சடிச்சு 24 ஆக்கினது. செக்கனுக்கு 12 எடுத்தால் ஒவ்வொண்டும் ரெண்டு தரம். அந்த இழுவையும் மங்கலும் வேணுமெண்டே செய்தது. ரீவி தன்ர எண்ணத்துக்கு நடுவில புதுச் சட்டகம் செருகினால் வழுவழுப்பான கலியாண வீடியோ மாதிரிப் போயிடும். திரையில ரெண்டு பக்கமும் கறுப்புக் கரை வந்தால் வரட்டும், இழுத்து நிரப்பாதையுங்கோ, ஆளெல்லாம் கொழுத்துப் போவினம்.

சுத்தமான புதுப் பிரதியில ஸ்வோர்ட்ஸ்மனிலயும் பிரைட்டிலயும் அங்கங்க கம்பி தெரியலாம். நடிகரைக் கம்பியில தூக்கி எடுத்த காலம். புகையும் இருட்டும் பின்வெளிச்சமும் போட்டுக் கம்பியை மறைச்சவை, பழைய வீடியோவின்ர மங்கலும் மிச்சத்தை மறைச்சுது. பெடியள் சிரிச்சால் இதைச் சொல்லுங்கோ.

உரிமை: டிவிடி வாங்கினது வீட்டில பாக்க. பொதுவில போடுறதெண்டால், ரிக்கெற் இல்லாட்டியும், உரிமையாளரிட்ட மின்னஞ்சலில அனுமதி கேளுங்கோ. மறுமொழி வரக் கிழமைக் கணக்கில எடுக்கும், இண்டைக்கே எழுதுங்கோ.

---

வல்லைவெளி:

எல்லாருக்கும் நன்றி. பிரைட்டை விட்டு நியூ டிராகன் கேட் இன் எடுக்கிறம். ரெண்டு கேள்வி மிச்சம்.

ஒண்டு, அட்டையில சீன எழுத்தில இருக்கிற பேரை எப்பிடி அடையாளம் பிடிக்கிறது? ரெண்டு, ஸ்வோர்ட்ஸ்மன் 2க்குச் சப்டைட்டில் எழுதத் துவங்கி முதல் பத்து நிமிசத்திலயே நிண்டுபோச்சு. டொங்ஃபாங் புபாய்க்கு "அவன்" போடுறதோ "அவள்" போடுறதோ? ஆங்கிலத்தில ஒரு இடத்தில ஆண்பால், இன்னொரு இடத்தில பெண்பால்.

---

பழையபிரதி:

பேர் மூண்டு எழுத்து. முதலாவது "லின்", காடு எண்டு அர்த்தம். மரத்துக்குரிய எழுத்தை ரெண்டு தரம் பக்கத்தில பக்கத்தில எழுதினால் காடு. அதால இரட்டைப் பிள்ளையள் போல நிக்கிற எழுத்தைத் தேடுங்கோ. ஆனா லின் ஃபெங்-ஜியாவுக்கும் லின் டாய்க்கும் அதே முதலெழுத்துத்தான், குடும்பப் பேர் முன்னுக்கு வாறது அங்க முறை. ரெண்டாவது எழுத்து "சிங்", பச்சைக்கும் நீலத்துக்கும் பொதுவான நிறம். மூண்டாவது "சியா", செவ்வானத்து முகில். அந்த மூண்டாவதில மேல்பாதி மழைக்குரிய எழுத்து, உள்ளுக்கு நாலு துளியும் இருக்கும். இரட்டை மரத்தில துவங்கி மழைத்துளியில முடிஞ்சால் ஆள் சரி.

நடிகர் பேரில இன்னொரு பொறி: டிராகன் கேட் இன்னில வாறது டொனி லியுங் கா-ஃபாய். சுங்கிங்கின்ர ரெண்டாவது கதையில வாறது டொனி லியுங் சியு-வாய். பிரசுரத்தில ரெண்டு பேருக்கும் "டொனி லியுங்" எண்டு மட்டும் போட்டால் ஒராள் எண்டு நினைப்பினம்.

---

கொட்டகை:

அவன், அவள் பிரச்சினை எங்கட பாஷைக்கு வந்த பிரச்சினை, படத்துக்கு இல்லை. மாண்டரினில ஆணுக்கும் பெண்ணுக்கும் சுட்டுச்சொல் ஒரே ஒலி, "டா". கண்டனீஸிலயும் அப்பிடித்தான், பால் பிரிக்காத ஒரு சொல். கேக்கிறவனுக்கு எந்தப் பாலெண்டு தெரியாமலே வசனம் முழுக்க ஓடும். ஆங்கிலத்தில மொழிபெயர்த்தவர் இடத்துக்கு இடம் தன்ர ஊகத்தை எழுதிப்போட்டார். தமிழில இன்னும் கரைச்சல், வினைமுற்றே காட்டிக் குடுத்திடும்: வந்தான், வந்தாள்.

ஆனா எங்களிட்ட "அவர்" இருக்கு. டொங்ஃபாங் புபாய் ஒரு மதக்குழுவின்ர தலைவர், அடியாட்கள் அவரைப் பேர் சொல்லாமல் தலைவர் எண்டுதான் சொல்லுவினம். "தலைவர் வந்தார்", "அவர் நூலைப் படிச்சு முடிச்சிட்டார்" எண்டு எழுதினால் மரியாதையும் சரி, பாலும் மூடிக் கிடக்கும். எதிரியள் கதைக்கேக்கயும் பேரைப் போட்டு, வினையை "-து" எண்டு முடியிற மாதிரித் திருப்பலாம்: "டொங்ஃபாங் புபாயின்ர ஆட்கள் செய்தது".

நாயகனுக்கு மட்டும் விதிவிலக்கு. ஏரிக்கரையில கண்டதுக்குப் பிறகு அவன் தன்ர கூட்டாளியளுக்கு அந்த ஆளைப் பற்றிச் சொல்லுற இடமெல்லாம் "அவள்" எண்டே போடுங்கோ. அவனுக்கு அப்பிடித்தானே தெரியும். ஒரே ஆளுக்கு மற்றவை "அவர்" எண்டும் அவன் "அவள்" எண்டும் சொல்லிக்கொண்டு போக, ரெண்டும் ஒராள்தான் எண்டு அவனுக்குத் தெரியவாற காட்சியில சபையே வாசிச்சுக் கண்டுபிடிக்கும். அந்தக் காட்சியில மட்டும் சுட்டுச்சொல் ஒண்டும் போடாதையுங்கோ, பேரை மட்டும் போடுங்கோ.